அந்தியில் வரும் அரிப்பு

அவசரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எந்த மருந்து எவ்வளவு, எந்த ஊசியை எங்கே போடுவது என்பதெல்லாம் உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. என்னைவிடச் சரியாகவும் இருக்கிறது. அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஒரே ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் பொது மருத்துவராக நான் வேலை பார்த்த கடைசிச் சில வருடங்களில் வந்தவர். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். பெயரை மட்டும் மாற்றி, பிரபு என்று வைத்துக்கொள்கிறேன்.

பிரபுவுக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். வீடு அடி அண்ணாமலையில். மலைச்சரிவில் மரம் வளர்க்கும் ஒரு குழுவில் வேலை. மழைக்கு முன்னால் குழி வெட்டுவார்கள், மழையில் கன்று நடுவார்கள், கோடை முழுக்கத் தண்ணீர் சுமந்து ஊற்றுவார்கள், காட்டில் தீ பிடித்தால் ஓடிப்போய் அணைப்பார்கள். ஒல்லியான ஆள்தான், ஆனால் இறுகிய உடம்பு. இப்படிப்பட்டவர்கள் நம்மிடம் வருவதே அபூர்வம். அவரையும் மனைவி கலைவாணிதான் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர்.

ஏற்கெனவே இரண்டு மூன்று இடங்களில் பார்த்திருந்தார்கள். ஒருவர் வாயு என்றிருந்தார். ஒருவர் மனசு சம்பந்தப்பட்டது என்று தூக்க மாத்திரை கொடுத்திருந்தார். என்ன செய்கிறது என்று நான் கேட்டதற்குப் பிரபு, ஒரு கன்று எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்று சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். எல்லா நாளும் வராது. வந்தால் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் வரும். முதலில் உள்ளங்கை அரிக்கும். பிறகு உள்ளங்கால். பிறகு வயிற்றைப் பிசையும், உடம்பெல்லாம் தடிப்பு எழும்பும். இரண்டு தடவை மயங்கி விழுந்திருக்கிறார். விடிந்தால் ஒரு தடயமும் இருக்காது.

"அதுக்கெல்லாம் முன்னாடி இன்னொண்ணு இருக்கு டாக்டர்," என்றார். "யாரோ வந்து எனக்குப் பின்னால நிப்பாங்க. திரும்பிப் பார்த்தா ஆள் இருக்காது. ஆனா நிக்கறது நிஜம்."

பெரிய ஒவ்வாமை வருவதற்குச் சற்று முன் நோயாளிக்குத் தான் சாகப் போகிறோம் என்ற உணர்வு வரும் என்று நாமெல்லாம் படித்திருக்கிறோம். பாடத்தில் அது ஒரு வரி. நான் அதைப் பல தடவை தேர்வில் எழுதியிருக்கிறேன், மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன். அந்த வரி என் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசியது அன்றைக்குத்தான். பகல் வேளை, வெளியே டோக்கன் கூப்பிடுகிற சத்தம், ஆனாலும் எனக்குப் பிடரியில் சில்லென்றது. பயப்படாதீர்கள் என்று வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். தனக்கு ஏதோ நடக்கப் போகிறது என்று ஒரு நோயாளி சொன்னால், பெரும்பாலும் நடக்கத்தான் போகிறது.

அவர் வெளியே போனதும் அவருடைய அம்மா மட்டும் உள்ளே வந்தார். மகனுக்கு முன்னால் சொல்ல விருப்பமில்லை போலிருக்கிறது. மலையில் ஒரு மடிப்பில் குழி வெட்டும்போது இவன் கடப்பாரை பழைய செங்கல் கட்டுமானம் ஒன்றில் பட்டிருக்கிறது. எந்தக் காலத்துச் சாமியாரின் சமாதியோ, யாருக்கும் தெரியாது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் பக்கத்திலேயே வேறு குழி வெட்டியிருக்கிறார்கள். அந்த மழைக்காலம் முடிந்த கையோடுதான் இது ஆரம்பித்திருக்கிறது. அது மட்டுமில்லை. புரட்டாசி மாதம் முழுக்க இவனை அது தொடாது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் தொடாது. மலைக்குரிய நாட்களில் விட்டுவிட்டு மற்ற நாட்களில் பிடிக்கிறது என்றால் அது யாருடைய வேலை என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்.

அந்தம்மா சொன்ன ஒவ்வொரு விவரமும் உண்மை. கலைவாணியிடம் கேட்டுச் சரிபார்த்தேன். அவரும் ஆமாம் என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் சாப்பாட்டைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் அது இடித்தது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இலையை விட்டு எழுவதற்குள், மிஞ்சினால் கை கழுவி வருவதற்குள் காட்டிவிடும். இவருக்கோ அரிப்பு வருவதற்கு முன்னால் பல மணி நேரமாக ஒரு டீ தவிர எதுவும் உள்ளே போயிருக்காது. இருந்தாலும் வழக்கமான உணவு ஒவ்வாமைக்கான ரத்தப் பரிசோதனையை எழுதினேன். முட்டை, பால், இறால், வேர்க்கடலை, கோதுமை, கோழி, ஆட்டுக்கறி என்று வரிசையாகப் பார்ப்பார்கள். எல்லாமே இல்லை என்று வந்தது.

அந்த முடிவைக் கேட்டதும் பிரபுவின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் இல்லை என்று நாம் சொன்னால் நோயாளிகள் பெருமூச்சு விடுவார்கள். இவர் தண்டனை கேட்டவர் மாதிரி எழுந்தார். "அப்போ நான் சாப்பிட்டது எதுவும் இல்ல. சரிங்க டாக்டர்," என்றார். ஒரு பரிசோதனை நாம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும், கேட்காத கேள்விகள் இன்னும் பாக்கி இருக்கின்றன என்று சொன்னேன். அரிப்பு ஆரம்பித்த உடனே ஓடி வாருங்கள் என்று சொல்லி மாத்திரைகளும் கொடுத்தேன். தலையாட்டினார். காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

அதன்பின் அவர்கள் என்னிடம் வரவில்லை. செங்கத்துக்கு அந்தப் பக்கம் குறி சொல்கிற ஒருவரிடம் போயிருக்கிறார்கள். மலையடிவாரத்தில், அந்த மடிப்புக்கு நேர் கீழே, கறுப்புக் கிடா ஒன்றைப் பலி கொடுக்கச் சொல்லியிருக்கிறார். படையல் போட்டு, ஈரலையும் ரத்தப் பொரியலையும் முதலில் பிரபுதான் சாப்பிட வேண்டும், வயிறு நிறையச் சாப்பிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதைச் செய்தார்கள்.

அன்றைக்கு நான் உள்நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வெயில் தாழ்ந்துவிட்டது, விளக்குகள் இன்னும் போடவில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கலைவாணியும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒருவரை இறக்கினார்கள். பிரபு என்று எனக்கு முதலில் தெரியவில்லை. உதடும் கண் இமையும் வீங்கி முகமே மாறியிருந்தது. கழுத்திலும் மார்பிலும் தட்டுத் தட்டாகச் சிவப்பு. மற்றபடி சாம்பல் நிறம். நாடி கைக்கு அகப்படவில்லை.

தொடையில் அட்ரினலின் போட்டோம். சற்றுப் பொறுத்து இன்னொன்று. ஆக்ஸிஜன், சலைன், கால் பக்கத்தை உயர்த்தினோம். நீங்கள் எல்லாரும் செய்யக்கூடியதுதான். ரத்த அழுத்தம் மெல்ல ஏறியது. மூச்சில் இருந்த சீழ்க்கைச் சத்தம் குறைந்தது. பிரபு கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் பார்த்தார். அந்தப் பார்வை எதன்மேலோ நிலைத்து நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன் என்பதை உங்களிடம் மறைக்கத் தேவையில்லை. சலைன் ஸ்டாண்டும் சுவரும்தான் இருந்தன.

நான் திரும்பி முகத்தைப் பார்ப்பதற்குள் அழுத்தம் மறுபடி சரியத் தொடங்கியிருந்தது.

மார்பில் அடங்கிப்போன தடிப்புகள் புதிதாக எழும்பின. அட்ரினலின் கொடுத்தோம், ஏறியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கியது. மறுபடி கொடுத்தோம். யாரோ ஒருவர் அவரைக் கிணற்றிலிருந்து தூக்க, இன்னொருவர் உள்ளேயிருந்து காலைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. கதவுக்கு வெளியே அவருடைய அம்மா அழவில்லை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "கிடாவ எடுத்துக்கிச்சு, பத்தலன்னுது." கத்தலாகச் சொல்லியிருந்தால் தேவலை. பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் விஷயம் சொல்கிற குரலில் சொன்னார்.

இந்த மாதிரி நேரத்தில் அறையில் இருக்கிற எல்லாருக்கும் இன்னும் ஏதாவது செய்ய வேண்டும் என்று கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. நான் செய்தது, ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான். முதல் தடவை ஏறிய அழுத்தம் ஏன் நிலைக்கவில்லை? அது ஏறியதற்கும் இறங்கியதற்கும் நடுவில் இந்த அறையில் என்ன மாறியது? சிஸ்டரைக் கேட்டேன், எப்போதிலிருந்து இறங்குகிறது என்று. இந்த பாட்டில் மாட்டின கொஞ்ச நேரத்தில் இருந்து என்றார்.

டூட்டியில் இருந்த இளம் டாக்டர், அழுத்தத்தைச் சீக்கிரம் தூக்குவதற்காக சலைனோடு ஜெலட்டின் கலந்த திரவம் ஒன்றும் மாட்டச் சொல்லியிருந்தார். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அப்போது எல்லா ஊரிலும் எல்லாரும் செய்ததுதான். பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. அடுத்த பாட்டில் சிஸ்டர் கையில் தயாராக இருந்தது.

அதைக் கழற்றச் சொன்னேன். அந்த டாக்டர் தயங்கினார். பிரஷர் இல்லாத ஆளுக்கு ஃப்ளூயிடை நிறுத்துவதா என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

"ஃப்ளூயிடை நிறுத்தல. இந்த பாட்டிலை மட்டும் நிறுத்துறோம். ட்யூபையும் மாத்துங்க. ரெண்டு கையிலயும் வெறும் சலைன் ஓடட்டும்."

"காரணம் என்னங்க மேடம்?"

"தெரியல," என்றேன்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அந்த ஒரு வார்த்தையைத்தான். காரணம் தெரிந்த பிறகுதான் பாட்டிலைக் கழற்றுவேன் என்று நின்றிருந்தால், அந்த இரண்டாவது பாட்டிலும் ஓடியிருக்கும். கண்ணெதிரில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் போதும், அதை வைத்து முடிவெடுக்கலாம். காரணத்தை நாளைக்குத் தேடலாம், நோயாளி நாளைக்கு இருந்தால்.

அட்ரினலினைச் சொட்டுச் சொட்டாக ஓடவிட்டோம். இந்தத் தடவை ஏறியது நின்றது. வெளியே வந்து அம்மாவிடம், உயிர் இருக்கிறது, இன்னும் ஆபத்து தாண்டவில்லை என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் திறந்திருந்த கதவைப் பார்த்தார். என்னோடு வேறு யாராவது வெளியே வருகிறார்களா என்று பார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் நான் காரணத்தைத் தேட உட்கார்ந்தேன். மதியம் ஆட்டு ஈரல், அந்தியில் மரணத்தின் வாசல். பிறகு ஜெலட்டின், மறுபடியும் அதே வாசல். ஜெலட்டின் மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. படித்ததுதான், யோசித்ததில்லை. ஆட்டிலும் மாட்டிலும் பொதுவாக இருக்கிற ஏதோ ஒன்று. அப்படியானால் அந்தப் பழைய பரிசோதனையில் ஆட்டுக்கறிக்கு ஏன் இல்லை என்று வந்தது? அதற்கு மேல் எனக்குப் போக வழி தெரியவில்லை. என்னோடு படித்தவள் ஒருத்தி சென்னையில் ஒவ்வாமைக்கென்றே வைத்தியம் பார்க்கிறாள். அவளுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சமாதி, பௌர்ணமி, புரட்டாசி எல்லாவற்றையும்தான். விட்டுவிட்டால் சரியாக இருக்காது என்று தோன்றியது.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு கேட்டாள்: "அவரை உண்ணி கடிச்சிருக்கா?"

ஆட்டு மேலயும் மாட்டு மேலயும் ஒட்டிக்கிட்டு இருக்குமே அந்த உண்ணியா என்றேன். ஆமாம், போய்க் கேட்டுவிட்டு வா, அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

பிரபு தீவிர சிகிச்சைப் பிரிவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கேட்டேன். அவர் போர்வையை விலக்கி வேட்டியை முழங்கால் வரைக்கும் ஏற்றினார். கணுக்காலைச் சுற்றியும், முழங்காலின் பின்மடிப்பிலும் கறுத்த சிறு தழும்புகள், மிளகை இறைத்த மாதிரி.

மழைக்காலத்தில் தினமும் பிடுங்கிப் போடுவோம் டாக்டர், அதெல்லாம் ஒரு விஷயமா என்றார். சில கடிவாய் மட்டும் மாசக்கணக்காக அரித்துக்கொண்டே இருந்ததாம். எந்த இடத்தில் வேலை செய்தபோது அதிகம் என்று கேட்டேன்.

"அந்த செங்கல் மேடு இருக்குதுங்களே, அங்கதான் ஜாஸ்தி," என்றார். "அங்க நிழல் இருக்கும். மேய வர்ற ஆடு, மலைமேல இருக்கற புள்ளிமான் எல்லாம் அந்த இடத்துலதான் வந்து படுக்கும்."

வெளியே வந்து தோழிக்கு மறுபடி போன் போட்டேன்.

என் தோழி பிறகு விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆடு, மாடு, பன்றி, மான் இவற்றின் உடம்பில் ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது. மனிதனிடம் இல்லை, கோழியிலும் மீனிலும் இல்லை. சில உண்ணிகள் கடிக்கும்போது அந்தச் சர்க்கரை எச்சிலோடு உள்ளே போகும். சிலருடைய உடம்பு அதை எதிரி என்று பழகிக்கொள்ளும். அதற்குப் பிறகு அவர்கள் ஆட்டுக்கறி சாப்பிட்டால், கொழுப்போடு சேர்ந்து அது மெதுவாகச் செரித்து ரத்தத்தில் கலப்பதற்குப் பல மணி நேரம் ஆகும். மதியம் சாப்பிட்டது அந்தியில் வந்து கதவைத் தட்டும். வழக்கமான பரிசோதனை கறியின் புரதத்தைத்தான் தேடும், அதனால் பல சமயம் இதைத் தவறவிட்டுவிடும். இந்தச் சர்க்கரைக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. புரட்டாசியில் அந்த வீட்டில் கறி ஆக்குவதில்லை. கிரிவலப் பாதையில் வீடு, பௌர்ணமியை ஒட்டியும் ஆக்குவதில்லை. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்கிறேனே தவிர, அன்று மாலை அதைக் கலைவாணிக்கும் பிரபுவுக்கும் விளக்கிக்கொண்டிருந்தபோது, அந்தம்மா சொன்ன கதையைவிட நான் சொல்கிற கதை எந்த விதத்தில் குறைவு என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கண்ணுக்கு எட்டாத கடியில் மிருகத்தின் ஒரு துளி உள்ளே நுழைகிறது. உடம்பு அதை மறக்காமல் வைத்திருந்து பிறகு கணக்குத் தீர்க்கிறது. இதை நம்பச் சொல்லித்தான் நான் கேட்டேன்.

பிரபு நம்பினாரா தெரியாது. ஆனால் அந்தப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். கறி வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன், இனி எதற்கு டெஸ்ட் என்றார். செலவுக்காகச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். குழு ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. விடாமல் கேட்டதும் சொன்னார்.

"இதுலயும் ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா நான் எங்க போவேன் டாக்டர்?"

கேட்டீர்களா? முதல் தடவை ஒன்றும் இல்லை என்று வந்ததுதான் அவரைக் கிடா வெட்டுகிற இடத்துக்கு அனுப்பியது. ஒரு பரிசோதனையை எழுதும்போது அது இருக்கிறது என்று வந்தால் என்ன செய்வது என்று நாம் யோசிக்கிறோம். இல்லை என்று வந்தால் இந்த மனிதன் வீட்டுக்கு எதைக் கொண்டுபோவான் என்று யோசிப்பதில்லை.

வந்தே தீரும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அது பொய். இல்லை என்று வந்தால் எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்வேன், தெரிந்துகொள்கிற வரைக்கும் உங்களை விடமாட்டேன் என்றேன். கலைவாணி என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னார்:

"தெரியாத வரைக்கும் நீங்க பொழுது சாஞ்சா செவுத்துல முதுகு ஒட்டித்தான் உக்காரப் போறீங்க. ஒரு வருஷமா அப்படித்தான் உக்காருறீங்க. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பின்னால் யாரும் நிற்க இடம் இல்லாதபடி. அது எனக்கு அன்றுதான் தெரியும். பிரபு கையை நீட்டினார்.

உடனே எடுத்தால் முடிவு சரியாக இருக்காது என்பதால் சில வாரம் பொறுத்து ரத்தம் எடுத்தோம். அது சென்னைக்குப் போய், அங்கிருந்து வேறு ஊருக்குப் போய் வர வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில் ஒரு நாள், கறி வாசனைகூட வீட்டுக்குள் வராத நிலையில், அந்தி நேரத்தில் உள்ளங்கை அரிக்கிறது என்று வந்துவிட்டார். அவசரப் பிரிவில் படுக்கவைத்துப் பார்த்தேன். தடிப்பு இல்லை, அழுத்தம் சரியாக இருந்தது, மூச்சு சரியாக இருந்தது. கட்டிலை நகர்த்தி, தலைமாடு சுவரில் முட்டுகிற மாதிரி போடச் சொன்னேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இருட்டி வெகுநேரம் ஆகும் வரைக்கும் ஒன்றும் வரவில்லை. அரிப்பு அடங்கியது. அது என்ன என்று என் தோழிக்கும் தெரியவில்லை. பயமாக இருக்கலாம். அப்படித்தான் குறித்துவைத்தேன். முழு மனதோடு குறித்தேன் என்று சொல்ல முடியாது.

முடிவு வந்தது. இருக்கிறது. கொஞ்சநஞ்சம் அல்ல, நன்றாகவே இருக்கிறது. மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். கலைவாணி அழுதுவிட்டார். பிரபு தன் கைகள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பூச்சி எங்கே கடித்தது? மலையில்தான் என்றேன். அந்த செங்கல் மேட்டிலா? இருக்கலாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு அது போதுமாக இருந்தது. அதற்கு மேல் அவரைத் திருத்த நான் முயலவில்லை. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, எலும்பு சூப்பு எதுவும் ஆகாது, கேப்ஸ்யூல் மாத்திரை வாங்கினால்கூட அதன் உறை எதனால் செய்தது என்று கேட்க வேண்டும் என்பதை அவர் என்னைவிடக் கண்டிப்பாகப் பார்த்துக்கொண்டார். அவர் அதைக் கட்டுப்பாடு என்றார், நான் சிகிச்சை என்றேன். நோயாளி பிழைத்தால் பெயரில் என்ன இருக்கிறது?

அட்ரினலின் குப்பியையும் சிரிஞ்சையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்து, கலைவாணிக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தோம். ஆரஞ்சுப் பழத்தில் போட்டுப் போட்டுப் பழகினார். பிரபு மறுபடி மலைக்குப் போனார்.

அடுத்த வருடம் பரிசோதித்தபோது அளவு நன்றாகக் குறைந்திருந்தது. புதிதாகக் கடி படாமல் இருந்தால் சிலருக்குக் காலப்போக்கில் இது மறைந்தேகூடப் போகும். எல்லாரும் சந்தோஷமாகப் போனார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் மறுபடி எடுத்தோம். கோடைக்காலம். அளவு ஏறியிருந்தது. முதல் தடவை இருந்ததைவிடவும் ஏறியிருந்தது.

எங்கே கடித்தது என்று கேட்டேன். கடிக்கவே இல்லை என்றார். காலுறைக்குள் பேன்ட்டைச் செருகித்தான் போகிறாராம். தினமும் வீட்டுக்கு வந்ததும் கலைவாணி டார்ச் அடித்து உடம்பு முழுக்கப் பார்ப்பாராம். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நானும் பார்த்தேன். பழைய தழும்புகள்தான் இருந்தன, புதிதாக எதுவும் இல்லை. ஆனால் ரத்தம் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல், யாருக்கும் தெரியாமல் ஏதோ ஒன்று வந்து குடித்துவிட்டுப் போயிருக்கிறது. குஞ்சு உண்ணி புள்ளி அளவுதான் இருக்கும், அதுவாக இருக்கலாம் என்றேன்.

மலை வேலையை விட்டுவிடச் சொன்னேன். குழுவுக்குச் செங்கம் ரோட்டில் ஒரு நாற்றுப்பண்ணை இருக்கிறது, அங்கே மாற்றிக்கொள்ளலாம், நானே பேசுகிறேன் என்றேன். அடுத்த தடவை ஆட்டோ நேரத்துக்கு வராமல் போகலாம் என்றும் சொன்னேன். அழகாகச் சொல்லத் தெரியவில்லை, பச்சையாகவே சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோபமோ பயமோ இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்:

"போன மழைல நட்டது இன்னும் வேர் பிடிக்கல டாக்டர். ரெண்டு கோடை தாண்டணும். அதுக்கப்புறம் சொல்லுங்க, வர்றேன்."

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் டப்பாவை வாங்கிப் பார்த்து, காலாவதியாகப் போகிற குப்பியை எடுத்துவிட்டுப் புதிதாக இரண்டு வைத்தேன். ஒன்று போதாது என்று தோன்றியது. வீட்டில் கலைவாணி கையில் இருப்பது போதாது, மலையில் கூட வேலை செய்கிறவர்களில் இரண்டு பேரை நாளைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், ஊசி போடக் கற்றுக்கொடுக்கிறேன் என்றேன். சரி என்றார். அதே மாதிரி மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள்.

தண்ணீர் வண்டி வருகிற நேரமாகிவிட்டது என்று எழுந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பேன்ட்டின் ஓரத்தை மடித்துக் காலுறைக்குள் செருகி, அதன்மேல் ஒரு துணிப் பட்டையை இறுக்கிக் கட்டினார். இரண்டு காலையும் ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னேன்.